மகளின் பெயரில் போலிக் கணக்கு, மாற்றப்பட்ட படம்: புகார் தள்ளுபடியான பிறகு யாரிடம் போவது?

மழைத்தூறல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 15 வயதான என் மகளின் பொருட்டு இதை எழுதுகிறேன். படங்களைப் பகிரும் செயலி ஒன்றில் அவள் வெளியிட்டிருந்த படங்களை எடுத்து, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, யாரோ ஒரு போலிக் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் கேலிப் பதிவுகள் மட்டுமே வந்தன. பிறகு அவளுடைய முகத்தை வேறோர் உடலோடு பொருத்தி, ஆடையின்றி இருப்பதுபோல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படம் ஒன்று வெளியானது. அந்தப் படம் அவளுடைய வகுப்பு மாணவர்கள் நடத்தும் செய்திக் குழுவிலும் சுற்றுகிறது என்று அவளுடைய தோழி சொன்ன பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியவந்தது.

அந்தக் கணக்கின் மீது நான் புகார் அளித்தேன். மறுநாள் வந்த பதில், 'இது எங்கள் சமூக விதிமுறைகளை மீறவில்லை' என்ற ஒற்றை வரி. உறவினர்கள், நண்பர்கள் என்று பலரையும் புகார் அளிக்கச் சொன்னோம். கணக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பதிலை எழுதியது மனிதரா இயந்திரமா என்பதுகூடப் புரியவில்லை.

இதைவிட என்னை அதிகம் அச்சுறுத்துவது மற்றொன்று. இது நடந்த பிறகு அவள் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அவளுடைய கைப்பேசியில் தானாக வந்து விழும் காணொளிகளைத் தற்செயலாகப் பார்த்தேன். உடல் எடையை வெறுக்கச் சொல்பவை, சாப்பிடாமல் இருப்பதைப் பெருமையாகக் காட்டுபவை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதை ஏதோ ஆறுதல்போல் பேசுபவை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவளிடம் கேட்டால், 'நான் தேடவில்லை, அதுவாக வருகிறது' என்கிறாள். அதை நான் நம்புகிறேன்.

படத்தை அகற்ற நிறுவனத்தைத் தவிர வேறு யாரை அணுகலாம்? அவளுடைய மனநிலைக்கு யாருடைய உதவியை நாடலாம்? யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கெஞ்சும்போது பள்ளியிடமோ காவல்துறையிடமோ போவது சரியா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரையோரம்

வணக்கம் அம்மா. ஒரு சமூக ஊடக நிறுவனத்துக்காகப் புகார்களைப் பரிசீலிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து, படத்தை அகற்றுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மனநிலை குறித்து அத்துறையினர் சொல்வதே பொருத்தம்.

உங்கள் புகார் தள்ளுபடியானதற்கு, பெரும்பாலும், எந்தப் பிரிவின்கீழ் அது போய்ச் சேர்ந்தது என்பதே காரணமாக இருக்கும். புகார் பொத்தானை அழுத்தியதும் வரும் பட்டியலில் நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதை வைத்தே புகார் வெவ்வேறு வரிசைகளுக்குப் பிரிந்து செல்கிறது. உதாரணமாக, இன்ஸ்டாகிராமில் 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று ஒரு தெரிவு பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கும். பதற்றத்தில் பலர் அதைத்தான் தொடுகிறார்கள். அது உங்கள் விருப்பு வெறுப்பைப் பற்றிய குறிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும், விதிமீறல் புகாராக அல்ல. எத்தனை பேர் புகார் அளித்தார்கள் என்ற எண்ணிக்கையும் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்று அந்நிறுவனமே சொல்கிறது. எனவே உறவினர்களை மேலும் சிரமப்படுத்த வேண்டாம். சரியான பிரிவில், சரியான நபர் அளிக்கும் ஒரே புகார் போதும்.

உங்கள் மகளின் விஷயத்தில் இரண்டு தனித்தனிப் புகார்கள் தேவை. கணக்கின் மீது அளிக்க வேண்டியது ஆள்மாறாட்டப் புகார். அதைப் பாதிக்கப்பட்டவரோ அவருடைய பிரதிநிதியோ அளித்தால்தான் பெரும்பாலும் ஏற்பார்கள். ஏனென்றால் இரண்டு கணக்குகளில் எது உண்மையானது என்று முன்பின் தெரியாத ஒருவரால் உறுதிப்படுத்த முடியாது. பெற்றோர் என்ற முறையில் நீங்கள் அளிக்கலாம். உதவி மையப் பக்கத்தில் இதற்கென்றே தனிப் படிவம் இருக்கும், அந்தச் செயலியில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. அந்தப் படத்தைச் சிறார் தொடர்பான பாலியல் உள்ளடக்கம் என்ற பிரிவில் புகார் செய்யுங்கள். 'துன்புறுத்தல்' என்று போட்டால், கேலிப் பதிவுகளின் குவியலோடு குவியலாக அது காத்துக்கிடக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் சான்றுகளைச் சேகரித்துவிடுங்கள். கணக்கின் முகப்பு, '@' குறியோடு வரும் பயனர் பெயர், பதிவின் இணைப்பு, தேதி, நேரம், உங்கள் புகாருக்கு வந்த பதில் ஆகியவற்றை ஓரிடத்தில் குறித்துவையுங்கள். பெரிய எழுத்தில் தெரியும் பெயரை எவரும் எந்நேரமும் மாற்றிவிடலாம் என்பதால் இணைப்பைப் பிரதியெடுத்து வைப்பது மிகவும் முக்கியம். கணக்கை முடக்குவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்பே முடக்கினால் அந்தப் பதிவுகளை நீங்களே பார்க்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த ஆடையற்ற படத்தை மட்டும் திரைப்பிடிப்பு எடுக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். உங்கள் மகள் 18 வயது நிரம்பாதவள் என்பதால், சான்றுக்காக என்றாலும் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் பல நாடுகளில் சட்டச் சிக்கலை உண்டாக்கும்.

இனி, நிறுவனத்துக்கு வெளியே உள்ள வழிகள். அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும், பெயரைக்கூடச் சொல்லாமல் அதைப் பயன்படுத்தலாம். 18 வயதுக்கு உட்பட்டிருந்தபோது எடுக்கப்பட்ட படங்களுக்கும், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவற்றுக்கும் அது பொருந்தும். படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்கோவை உருவாக்கப்பட்டு அது மட்டுமே போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற பங்கேற்கும் தளங்கள் அந்தக் கோவையோடு பொருந்தும் படங்களைத் தேடி அகற்றும். படம் வெட்டப்பட்டாலோ அதன் மேல் எழுத்து சேர்க்கப்பட்டாலோ கோவை மாறிவிடக்கூடும் என்பது இதன் குறை. படம் உங்கள் மகளின் கைப்பேசியில் ஏற்கெனவே வந்திருந்தால் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதற்காகத் தேடிப் போய் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாம்.

படம் கையில் இல்லாதபோது இணைப்பை மட்டும் வைத்துப் புகார் அளிக்க வழி இருக்கிறது. 'இன்ஹோப்' என்பது 1999-இல் தொடங்கப்பட்ட கூட்டமைப்பு; 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள புகார் மையங்கள் அதில் உறுப்பினர்கள். உங்கள் நாட்டுக்கான மையத்தை அதன் தளத்தில் கண்டறியலாம். அங்கே புகாரைப் படிப்பவர் அதற்கென்றே பயிற்சி பெற்றவர். பயனர்களின் சாதாரணப் புகாரைவிட இத்தகைய மையங்களிலிருந்து வருவதை நிறுவனங்கள் விரைந்து எடுத்துக்கொள்வதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

நேர்வழி

இவ்வளவு சுற்று எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவிட்டு, எல்லாக் கணக்குகளையும் அழித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நாம் வளர்ந்த காலத்தில் இவை எதுவும் இல்லை, நன்றாகத்தான் வளர்ந்தோம். காணொளிகளைப் பொறுத்தவரை, பார்க்காமல் விட்டால் தானாக நின்றுவிடும். அதற்கெல்லாம் மருத்துவரிடம் போய் விஷயத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

தும்பைப்பூ

நேர்வழி ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது. பதின்பருவத்தினருக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் 'ஏன் வீட்டில் முன்பே சொல்லவில்லை' என்று கேட்டால், அடிக்கடி கிடைக்கும் பதில், 'சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்' என்பதுதான். தவறு செய்தவர் வேறெங்கோ இருக்க, தண்டனை தனக்கு வருகிறது என்று அந்தப் பிள்ளை புரிந்துகொள்கிறது. அடுத்த முறை ஏதேனும் நடந்தால், இதைவிட மோசமானது நடந்தாலும், அது வாய் திறக்காது. தவிர, ஆறுதல் சொல்லும் தோழியும் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறாள். கணக்குகளை அவசரப்பட்டு அழித்தால், கரையோரம் சொன்ன சான்றுகளும் அவற்றோடு போய்விடும்.

காணொளிகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 14 வயதில் இறந்த ஒரு சிறுமியின் மரணம் குறித்து நடந்த விசாரணை, 2022 செப்டம்பரில், மனச்சோர்வோடு இணையத்தில் அவள் கண்ட உள்ளடக்கத்தின் தீய விளைவுகளும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று பதிவுசெய்தது. மழைத்தூறல் அம்மாவைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் உரிய துணை கிடைத்தால் மீண்டு வருகிறார்கள். பார்க்காமல் விட்டால் நின்றுவிடும் என்பது மட்டும் சரியில்லை. ஒரு காணொளியில் விரல் சற்று நேரம் நின்றாலே அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு அதே வகையை மேலும் கொண்டுவருவதுதான் பரிந்துரை முறையின் இயல்பு. அதிர்ச்சியில் உறைந்துபோய்ப் பார்ப்பதற்கும் ரசித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. 'அதுவாக வருகிறது' என்று உங்கள் மகள் சொன்னது அப்படியே உண்மை, அம்மா.

அதைத் திருப்பவும் முடியும். டிக்டாக்கில் 2023 முதல் பரிந்துரைகளைப் புதிதாகத் தொடங்கும் வசதி உண்டு; இன்ஸ்டாகிராமும் 2024 இறுதியில் அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிட்டு, வேண்டாத காணொளிகளுக்கு 'ஆர்வமில்லை' என்று குறிக்கலாம். இதை நீங்கள் தனியாகச் செய்யாமல் அவளையே செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தன் திரையில் என்ன வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மறுபடி அவள் கைக்கு வருவதற்கு அதுவே தொடக்கமாக அமையும்.

இப்போது கடினமான பகுதி. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ இறந்துபோகும் எண்ணமோ வருகிறதா என்று அவளிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆனால் அப்படி நேர்வதில்லை என்பதே இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சுற்றி வளைக்காமல், 'இந்த மாதிரிக் காணொளிகளைப் பார்க்கும்போது உனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறதா?' என்று கேளுங்கள். ஆம் என்றால், அழவோ கோபப்படவோ அறிவுரை சொல்லவோ விரையாமல், எப்போது, எவ்வளவு அடிக்கடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதே அப்படித் தோன்றுகிறது என்றாலோ, எப்படிச் செய்வது என்று யோசித்து வைத்திருந்தாலோ, அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள். மற்றபடி ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ சில நாள்களுக்குள் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா என்பதையும் அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள், எடையைப் பற்றிய காணொளிகள் வருவதால் கேட்கிறேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவது சில பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் குழந்தைகளுக்கான உதவி எண்கள் இயங்குகின்றன. 'சைல்டு ஹெல்ப்லைன் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பின் தளத்தில் நாடு வாரியாக அவற்றைப் பார்க்கலாம். 'ஃபைண்ட் எ ஹெல்ப்லைன்' என்ற தளமும் அதேபோல் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அங்குள்ள சேவைகளைக் காட்டும். எழுத்து உரையாடல் வழியாகப் பேசும் வசதி எந்தச் சேவையில் இருக்கிறது என்றும் குறிப்பிடும். பெற்றோரும் இத்தகைய எண்களை அழைத்து ஆலோசனை கேட்கலாம். அம்மா, உங்களுக்கும் பேச ஒருவர் தேவைப்படலாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற வேண்டுகோளுக்கு, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 'உனக்குத் தெரியாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன். யாரிடம், எதை, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்' என்று சொல்லுங்கள்.

மழைத்தூறல்

உங்கள் இருவருக்கும் என் நன்றி. ஆள்மாறாட்டப் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். போலிக் கணக்கு இன்று காலை நீக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படம் அவளுக்கே அனுப்பப்பட்டிருந்ததால், டேக் இட் டவுன் தளத்தில் தன் கைப்பேசியிலிருந்து அவளே எண்கோவையைப் பதிவு செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், படத்தைப் பார்க்கவில்லை. தும்பைப்பூ சொன்ன கேள்வியையும் கேட்டேன். பதில் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்றும் சொல்லவில்லை. மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறோம்.

இப்போது எஞ்சியிருப்பது அந்த வகுப்புக் குழு. படம் அங்கே இன்னும் இருக்கிறதாம். பள்ளியிடம் சொல்லலாம் என்று அவளே ஒப்புக்கொண்டாள், ஆனால் வகுப்பில் எல்லோர் முன்பாகவும் விசாரித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். இதற்கிடையில் முன்பின் தெரியாத ஒருவர், இணையத்திலிருந்து படத்தை முழுவதுமாக அழித்துத் தருவதாகவும் அதற்கு முன்பணம் வேண்டும் என்றும் அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். நம்பலாமா?

கரையோரம்

நம்ப வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் பறிப்பதே சிலருக்குத் தொழில். சில வேளைகளில் படத்தைப் பரப்பியவரே இன்னொரு பெயரில் வந்து இப்படிக் கேட்பதும் உண்டு. உண்மையான உதவிச் சேவைகள் எவையும் தாமாக வந்து செய்தி அனுப்பி முன்பணம் கேட்பதில்லை. பதில் அனுப்பாமல், அந்தச் செய்தியையும் கணக்கின் இணைப்பையும் மற்றச் சான்றுகளோடு சேர்த்து வைத்துவிட்டு, அதன் பிறகு அவரை முடக்குங்கள். பணம் கொடுக்காவிட்டால் பரப்பிவிடுவேன் என்று மிரட்டல் வந்தாலும் இதே முறைதான்: பணம் கொடுத்தால் கோரிக்கை கூடுமே தவிர நிற்காது. அந்த நிலையில் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

குழுவைப் பொறுத்தவரை, செய்திகள் இரு முனைகளுக்கிடையே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும் செயலிகளுக்குள் டேக் இட் டவுன் எட்டாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது நிறுவனத்துக்கே தெரியாது. எனவே குழுவில் இருக்கும் ஒருவர்தான் புகார் அளித்தாக வேண்டும். விஷயத்தைச் சொன்ன அந்தத் தோழி உதவ முன்வருவாள் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பாக இருந்தால், ஒரு குழுவைப் புகார் செய்யும்போது கடைசியாக வந்த ஐந்து செய்திகள் நிறுவனத்துக்கு அனுப்பப்படும். புகார் அளித்தது யார் என்பது குழுவினருக்குத் தெரிவிக்கப்படாது. படம் வந்து நாளாகிவிட்டதால் அது அந்த ஐந்தில் இருக்காது. ஆகவே, அந்தச் செய்தியையே அழுத்திப் பிடித்து அதைத் தனியாகப் புகார் செய்யச் சொல்லுங்கள். குழுவின் நிர்வாகி நினைத்தால் அந்தச் செய்தியை அனைவருக்கும் அழித்துவிட முடியும். ஏற்கெனவே தரவிறக்கம் செய்தவர்களின் கைப்பேசியில் அது அழியாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அதைப் பள்ளி வழியாகத்தான் கையாள வேண்டும்.

தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டு, நீங்கள் மட்டும் போங்கள். நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதி, தேதிகளோடு கொடுங்கள். ஏற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் பெறுங்கள். படத்தைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டாம், சட்டக் காரணத்தை அவர்களிடமே சொல்லுங்கள். வகுப்பிலோ பொதுக்கூட்டத்திலோ உங்கள் மகளைக் குறிப்பிடக் கூடாது, மாணவர்களிடம் தனித்தனியாகவே பேச வேண்டும், ஆசிரியர்கள் எவரும் அந்தப் படத்தைத் தங்கள் கைப்பேசிக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது என்ற மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நல்லெண்ணத்தோடு இருக்கும் பள்ளியிலும் மறந்துவிடுவார்கள்.

தும்பைப்பூ

ஒரு சிறு சேர்க்கை. அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் உங்கள் மகளிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வரியையாவது நீக்கச் சொன்னால், சட்டப்படி தேவையானதாக இல்லாதவரை நீக்கிவிடுங்கள். பள்ளியில் யாராவது ஓர் ஆசிரியரிடம் அவளுக்கு நம்பிக்கை இருந்தால், திரும்பிச் செல்லும் முதல் நாளில், வகுப்பில் இருக்க முடியவில்லை என்றால் கேள்வி கேட்காமல் அவரிடம் போய் உட்கார்ந்துகொள்ள அனுமதி வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கலாம். அந்த ஆசிரியர் யார் என்பதை அவளே சொல்லட்டும்.